ஷின் கார்டு முதல் மாஸ்க் வரை: இரண்டு சீசன் போட்டு ஆடிய ஹாக்கி கிட் எப்படி இருக்கிறது

ஹாக்கி பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கிரிக்கெட் பந்தும் ஏறக்குறைய அதே எடைதான். ஆனால் கிரிக்கெட்டில் அந்தப் பந்துக்கு எதிரே நிற்கிறவர் பேட், கிளவுஸ், ஹெல்மெட், தொடை பேட் எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கிறார். ஹாக்கியில் கோல்கீப்பரைத் தவிர மற்ற பத்துப் பேரும் முழங்காலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தகட்டையும் வாய்க்குள் ஒரு ரப்பர் துண்டையும் நம்பித்தான் ஓடுகிறோம். அந்த இரண்டையும்கூட வாங்காமல் டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் மைதானத்தில், இறங்குகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். ஸ்டிக் வாங்க மூன்று மாதம் விசாரிப்பார்கள், வளைவு எத்தனை மில்லிமீட்டர், கார்பன் எத்தனை சதவீதம் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள், ஷின் கார்டு மட்டும் கடையில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

நான் டிஃபன்ஸில் ஆடுகிறேன். பெனால்ட்டி கார்னர், அதாவது எங்கள் தப்புக்காக எதிரணிக்குக் கோல் அடிக்கக் கிடைக்கிற வாய்ப்பு என்றால், அதைத் தடுக்கக் கோல் லைனிலிருந்து முதலில் பாய்ந்து ஓடுகிற ஆளும் நான்தான். இரண்டு சீசனுக்கு முன்னால் ஷின் கார்டு, மவுத் கார்டு, இடது கை கிளவுஸ், கார்னருக்கு முகத்தில் மாட்டுகிற மாஸ்க், முட்டி பேட், அடிவயிற்றுக்குக் கீழே போடுகிற அப்டமன் கார்டு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புதிதாக வாங்கினேன். அதில் எது தாங்கியது, எது ஏமாற்றியது என்று வரிசையாகச் சொல்கிறேன். பிராண்ட் பெயர் போடவில்லை. மாடல்கள் அடிக்கடி மாறுகின்றன, ஒரே பெயரில் முன்பு வந்ததும் இப்போது வருவதும் ஒன்றாக இருப்பதில்லை. எப்படிச் செய்திருக்கிறார்கள், காலில் எங்கே உட்காருகிறது, எங்கே விட்டுப்போகிறது என்று சொன்னால் எந்தக் கம்பெனி பொருளுக்கும் பொருந்தும்.

முதலில் ஷின் கார்டு. நான் ஆட ஆரம்பித்த காலத்தில் போட்டது ஃபுட்பால் ஷின் கார்டு, சாக்ஸுக்குள் சொருகுகிற சின்னத் தகடு. ஒரு நாள் பக்கவாட்டிலிருந்து வந்த பந்து தகட்டுக்குக் கீழே, வெளிப்பக்கக் கணுக்கால் முட்டியில் பட்டது. சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. எழுந்து நின்றால் கால் ஊன்ற முடியவில்லை, ஷூவைக் கழற்றுவதற்குள் கணுக்கால் உருண்டுவிட்டது. எலும்பு முறியவில்லை, ஆனாலும் ஐந்து வாரம் ஆடவில்லை. ஃபுட்பாலுக்குச் செய்த தகடு ஃபுட்பால் பூட்ஸ் உதைக்காகச் செய்தது. ஹாக்கியில் பந்து பெரும்பாலும் தரையோடு தரையாக வருகிறது, அது முதலில் தேடிப் போகிற இடமே கணுக்கால்தான். ஹாக்கிக்கு என்று செய்த ஷின் கார்டு நீளமாக இருக்கும், பக்கவாட்டில் கெண்டைக்கால் வரை சுற்றி வரும், கீழே கணுக்கால் முட்டியின் மேல் ஒரு தடித்த ஃபோம் மடல் தொங்கும். அந்த மடல் இல்லாத எதையும் வாங்காதீர்கள்.

இப்போது நான் போடுவது வெளியே கெட்டி பிளாஸ்டிக் ஓடு, உள்ளே சுமார் ஒரு விரல் கனத்துக்கு ஃபோம், முன்னால் காற்றுக்கு நான்கைந்து துளைகள், பின்னால் இரண்டு வெல்க்ரோ பட்டை. இரண்டு சீசனில் இதில் எத்தனை அடி விழுந்திருக்கும் என்று கணக்கு இல்லை. ஓட்டின் மேல் வெள்ளை வெள்ளையாகக் கீறல், இடது காலில் ஒரு இடத்தில் பந்தின் குழி பதிந்த மாதிரி ஒரு வட்டம். அந்த வட்டம் விழுந்த அன்று டி, அதாவது கோலுக்கு முன்னால் இருக்கிற அரைவட்டப் பகுதியின் விளிம்பிலிருந்து ஓங்கி அடித்த பந்து நேராகக் காலில் வந்தது. டப்பென்று சத்தம், கால் பின்னால் தள்ளியது, அவ்வளவுதான். வலி இல்லை. மேட்ச் முடிந்து கழற்றிப் பார்த்தேன், தோலில் சிவப்புகூட இல்லை. ஓடு அடியை அகலமாகப் பரப்புகிறது, ஃபோம் அதை மெதுவாக்குகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். வெறும் ஓடு மட்டும் இருந்தால் அடி அப்படியே எலும்புக்குப் போகும், வெறும் ஃபோம் என்றால் பந்து ஒரே புள்ளியில் அமுங்கும். கையில் எடுத்ததும் ஓட்டை விரல் மொளியால் தட்டிப் பாருங்கள், பிறகு பின்பக்கம் ஃபோமைக் கட்டை விரலால் அழுத்துங்கள். விரல் நேராக ஓட்டில் போய் முட்டினால் அந்த ஃபோம் ஒரு சீசனுக்கு வராது.

குறை என்று சொன்னால் இரண்டு. மேல் வெல்க்ரோ இரண்டாவது சீசன் பாதியில் பிடிப்பை இழந்துவிட்டது, ஓடும்போது கார்டு மெல்லச் சுழன்று உள்பக்கம் போய்விடுகிறது. பட்டையை இறுக்கினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் சாக்ஸுக்கு மேல் டேப் சுற்றி ஆடுகிறேன். இன்னொன்று வியர்வை. உள் ஃபோம் கழற்றித் துவைக்கிற மாதிரி இல்லை, நாற்றம் போவதே இல்லை, மழைக்காலத்தில் தோலில் சொறி வந்தது. கார்டுக்கு அடியில் மெல்லிய உள் சாக்ஸ் ஒன்று போட ஆரம்பித்த பிறகு சரியாகிவிட்டது. அடுத்த முறை உள் உறையைத் தனியாகக் கழற்றித் துவைக்க முடிகிற மாதிரிதான் வாங்குவேன்.

அளவு விஷயத்தில் டப்பாவில் போட்டிருக்கும் உயரக் கணக்கை மட்டும் நம்பவேண்டாம். ஷூ போட்டுக்கொண்டு மாட்டிப் பாருங்கள். கீழ் மடல் ஷூவின் நாக்கில் இடிக்கக்கூடாது, மேல் விளிம்பு முழங்கால் சிப்பிக்குச் சற்றுக் கீழே நிற்கவேண்டும். மாட்டியபடியே ஆழமாகக் குந்திப் பாருங்கள், ஹாக்கியில் பாதி நேரம் அந்த நிலையில்தான் இருக்கிறோம். விளிம்பு முட்டியில் குத்தினால் அது உங்கள் அளவு இல்லை. ஐரோப்பியத் தர எண் ஒன்று உண்டு, இ.என். 13546. ஹாக்கி கோல்கீப்பர் கவசங்களுக்கும் மற்ற ஆட்டக்காரர்களின் ஷின் கார்டுக்கும் சேர்த்து எழுதியது. லேபிளில் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஃபுட்பால் ஷின் கார்டுக்கு வேறு எண், 13061. டப்பாவில் எந்த எண் இருக்கிறது என்று பார்த்தாலே அது எந்த ஆட்டத்துக்கான தகடு என்று தெரிந்துவிடும்.

இப்போது மவுத் கார்டு. கிட்டில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். எலும்பு ஒட்டும், பல் முளைக்காது.

போன சீசனில் எங்கள் டீம் பையன் ஒருவனுக்கு நடந்தது இது. பிராக்டீஸ்தான், மேட்ச்கூட இல்லை. பிராக்டீஸ் என்பதால் மவுத் கார்டு பையிலேயே இருந்தது. பந்தை அடித்த பிறகு மேலே எழும்பிய எதிராளியின் ஸ்டிக் நுனி அவன் வாயில் பட்டது. மேல் முன்பல் ஒன்று வேரோடு வெளியே வந்து டர்ஃபில் கிடந்தது. ஒருவர் அதை எடுத்துக் குழாயடியில் தேய்த்துக் கழுவப் போனார். எங்களோடு ஆடுகிறவர்களில் ஒருவர் நர்ஸ், அவர்தான் கத்தி நிறுத்தினார். வேர்ப் பகுதியைத் தொடக்கூடாது, தேய்க்கக்கூடாது, வெளியே தெரிகிற வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுக்கவேண்டும், அழுக்கு இருந்தால் லேசாக ஒரு தடவை அலசிவிட்டு முடிந்தால் உடனே அந்தக் குழியிலேயே வைக்கவேண்டும், இல்லையென்றால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். பால் வாங்கி அதில் போட்டார்கள். அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போய்விட்டார்கள். அவர் அதை மறுபடி பொருத்தி, பக்கத்துப் பற்களோடு சேர்த்து இரண்டு வாரம் கட்டி வைத்திருந்தார், பிறகு வேர் சிகிச்சை. பல் நின்றுவிட்டது. ஆனால் அன்று அந்தப் பையன் கையில் ரத்தத்தோடு டர்ஃபில் முழங்காலிட்டுத் தேடியதை மறக்க முடியவில்லை. அதன் பிறகு பிராக்டீஸுக்கும் மவுத் கார்டு இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று டீமில் முடிவு செய்துவிட்டோம். பால் பற்களை மட்டும் இப்படித் திரும்ப வைக்கக்கூடாது, சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுக்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்கவேண்டும்.

நான் இரண்டு வகையும் போட்டுப் பார்த்தேன். முதல் வகை கடையில் கிடைக்கிற, சூடான தண்ணீரில் போட்டுக் கடித்து வடிவம் எடுக்கிறது. முதல் தடவை அவசரத்தில் கெடுத்தேன். தண்ணீரில் ரொம்ப நேரம் விட்டுவிட்டேன், கொழகொழவென்று ஆகி, கடித்ததும் பல் கடித்த தடம் கிட்டத்தட்ட மறுபக்கம் வரை போய்விட்டது. அடிப்பகுதி மெலிந்துபோன மவுத் கார்டு எதற்கும் உதவாது. இரண்டாவதை வாங்கி, அட்டையில் போட்டிருந்த வினாடிக் கணக்கை அப்படியே கடைப்பிடித்து, எடுத்ததும் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, கண்ணாடி முன் நின்று நடுக்கோட்டை முன்பற்களின் நடுவில் வைத்து, மெதுவாகக் கடித்து, உள்ளே காற்றை உறிஞ்சிக்கொண்டே வெளியே உதட்டின் மேல் விரல்களால் அழுத்தினேன். இந்த உறிஞ்சுகிற வேலையைத்தான் பலர் செய்வதில்லை. செய்தால்தான் அது மேல் தாடையில் தானாகப் பிடித்து நிற்கும். வாயைத் திறந்தால் விழுந்துவிடுகிற மவுத் கார்டைக் கடித்துக்கொண்டே ஓடவேண்டும், மூச்சு முட்டும், கத்திப் பேச முடியாது, பத்து நிமிஷத்தில் கழற்றி சாக்ஸில் சொருகிவிடுவோம்.

இரண்டாவது வகை பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்து கொடுப்பது. முதல் நாள் போட்டபோதே வித்தியாசம் தெரிந்தது. மெல்லியதாக, இறுக்கமாக, பின்னால் தொண்டையைத் தொடாமல் இருந்தது. குமட்டல் இல்லை. பின்னாலிருந்து நான் கத்துவது ஃபார்வர்டுகளுக்குப் புரிகிறது, டிஃபன்ஸில் ஆடுகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. செலவு அதிகம்தான், உண்மை. ஆனால் நான் கழற்றாமல் அறுபது நிமிஷமும் போட்டிருக்கிறேன் என்றால் அது இந்த வகையால்தான். வளர்கிற பிள்ளைகளுக்கும் பல்லில் கம்பி கட்டியவர்களுக்கும் வேறு கணக்கு. வாய் அளவு மாறிக்கொண்டே இருக்கும், கம்பிக்கு இடம் விட்டுச் செய்யவேண்டும், அதனால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மவுத் கார்டு பல்லையும் உதட்டையும் காப்பாற்றும். மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அதை நம்பி வாங்கவேண்டாம். தலையில் அடிபட்டுக் கண் மங்கினால், தலை சுற்றினால், வாந்தி வந்தால், என்ன கிட் போட்டிருந்தாலும் அன்றைய ஆட்டம் முடிந்தது என்று வெளியே வந்து மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

கிளவுஸ் பற்றிச் சுருக்கமாக. இடது கைக்கு ஒன்று போதும். டேக்கிளுக்கு ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைக்கும்போது கைப்பிடியின் உச்சியைப் பிடித்திருக்கிற இடது கையின் மொளிகள்தான் டர்ஃபில் உரசுகின்றன, மணல் டர்ஃப் என்றால் தோல் உரிந்து வந்துவிடும். மேல்பக்கம் கெட்டி ஓடு, உள்ளங்கை திறந்த மாதிரி இருப்பதை வாங்கினேன். உள்ளங்கை மூடியதை முன்பு போட்டிருக்கிறேன், பிடி தடித்துப்போய் ஸ்டிக் கையில் சுழல்வது தெரியவே இல்லை. விதிப்படி கிளவுஸ் கையின் இயல்பான அளவைப் பெரிதாகக் கூட்டக்கூடாது, அதனால் கொழுத்த மாடல்களைப் பார்த்து ஆசைப்படவேண்டாம். கொஞ்சம் இறுக்கமாகவே எடுங்கள், நனைந்தால் நெகிழ்ந்துவிடும். என்னுடையதில் சுண்டு விரல் தையல் எட்டு மாதத்தில் விட்டுவிட்டது, ஓடு மட்டும் இன்னும் நன்றாக இருக்கிறது.

அப்புறம் மாஸ்க். பெனால்ட்டி கார்னரில் அடிக்கிற முதல் ஷாட், ஸ்டிக்கை வீசி அடிக்கிற ஹிட் என்றால் கோல் லைனைக் கடக்கும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதாவது கோலின் பின்பலகையின் உயரம். ஆனால் பந்தை ஸ்டிக்கோடு இழுத்து வந்து சுண்டிவிடுகிற டிராக் ஃபிளிக்குக்கு அந்த வரம்பு இல்லை. நன்றாகப் போடுகிறவர்களின் ஃபிளிக் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். அதை நோக்கி நான் நேராக ஓடுகிறேன். மாஸ்க் இல்லாமல் ஓடிய காலத்தை இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

வாங்கிய மாஸ்க் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், முகத்தின் வளைவோடு ஒட்டி நிற்கும், உள்ளே நெற்றியிலும் கன்னத்திலும் தாடையிலும் ஃபோம், பின்னால் ஒரே அகல எலாஸ்டிக். இந்த ஒரே பட்டை முக்கியம். பந்து கிளியர் ஆனதும் ஒரு கையால் பிடுங்கி கோல் பின்னால் எறிய முடியவேண்டும். நம் கோல் பக்கத்து 23 மீட்டர் பகுதிக்கு வெளியே மாஸ்கோடு ஆடக்கூடாது என்பது விதி. முதலில் வாங்கியது மூன்று பட்டை, கொக்கி வேறு, எதிர்த்தாக்குதலில் எல்லோரும் ஓட நான் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உடனே மாற்றிவிட்டேன்.

இதன் பெரிய குறை மூச்சின் ஆவி படிவது. குளிர்ந்த மாலையில், ஏற்கனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது மாட்டினால் கண் இருக்கிற இடத்தில் ஒரு பனித்திரை விழுந்துவிடுகிறது. கண் பகுதி முழுக்க மூடாமல் திறப்பு விட்ட மாடலில் இது குறைவு, ஆனால் அந்தத் திறப்பு பந்தோ ஸ்டிக் நுனியோ நுழைகிற அளவுக்கு இருக்கக்கூடாது. ஒரு தடவை மாஸ்கில் பந்து பட்டது, இடது கன்னத்தில், முழு வேகம் இல்லை, இன்னொருவர் ஸ்டிக்கில் பட்டுத் திரும்பி வந்தது. தலை பக்கவாட்டில் திரும்பியது, கன்னத்து ஃபோம் தடம் தோலில் பதிந்தது, மூக்கும் பல்லும் கண்ணும் அப்படியே இருந்தன. வீட்டில் விளக்கில் பிடித்துப் பார்த்தபோது விளிம்பில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அந்த மாஸ்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன். டேப் ஒட்டி ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். விரிசல் விட்ட பிளாஸ்டிக் அடுத்த அடியில் எந்தப் பக்கம் உடையும் என்று யாருக்கும் தெரியாது.

மாஸ்க் போட்டதும் ஒரு தைரியம் வருகிறது, அது ஆபத்தானது. பந்தை ஸ்டிக்கால் ஆட முயலாமல் உடம்பை மட்டும் குறுக்கே கொண்டுபோய் நிறுத்துவதை ஆபத்தான ஆட்டம் என்று அம்பயர் உங்களுக்கு எதிராக ஊதலாம். அதைவிட, மாஸ்க் முகத்தை மட்டும்தான் மூடுகிறது. தொண்டை, காதுக்குப் பின்னால், நெஞ்சு எல்லாம் திறந்துதான் இருக்கிறது. ஃபிளிக் போடுகிறவரின் ஸ்டிக் பக்கமாகக் கோடு பிடித்து, உடம்பைத் தாழ்த்தி, ஸ்டிக்கை நீட்டி ஓடப் பழகவேண்டும். அதற்குத் துணையாகத்தான் மாஸ்க்.

முட்டி பேடும் இதே கதைதான். கார்னருக்கு ஓடுகிறவரின் முட்டியில் படுகிற பந்து சிப்பியையே பெயர்க்கும். நான் சாக்ஸின் அதே நிறத்தில் வாங்கினேன், அப்படி இருந்தால் கார்னர் முடிந்ததும் கழற்றவேண்டியதில்லை. அப்டமன் கார்டு பற்றி வெட்கப்படாமல் சொல்கிறேன், ஆண்கள் எல்லோரும் போடுங்கள், கார்னருக்கு மட்டும் இல்லை, ஆட்டம் முழுக்க. பெண்களுக்கும் இடுப்புக்கும் மார்புக்கும் தனியாகச் செய்தவை வருகின்றன, எங்கள் பெண்கள் டீமில் டிஃபன்ஸ் ஆடுகிற இரண்டு பேர் போட்டு ஆடுகிறார்கள், ஓட்டத்துக்குத் தடையில்லை என்கிறார்கள்.

கோல்கீப்பர் கிட் என்னுடையது இல்லை, தம்பியுடையது. ஆனால் வாங்கும்போதும் மாட்டிவிடும்போதும் கூட இருந்திருக்கிறேன். ஹெல்மெட், கால் பேட், ஷூவின் மேல் மாட்டுகிற கிக்கர் மூன்றும் விதிப்படி கட்டாயம். கால் பேட் 300 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டக்கூடாது, கை கவசம் 228 அகலம், 355 நீளம், அதற்குள் இருக்கவேண்டும். அவன் முதலில் ஆடியது யாரோ கொடுத்த பழைய செட்டில். பேட் ஃபோம் காய்ந்து, கிள்ளினால் பொடியாக உதிர்ந்தது, பந்து பட்டால் எகிறிப் போகாமல் காலடியிலேயே செத்து விழுந்தது, அங்கேயே ரீபவுண்ட் கோல் வாங்குவான். கெட்டி ஃபோம் பேடுக்கு மாறிய பிறகு பந்து டிக்கு வெளியே போய் விழுகிறது. பழையது வாங்குவதில் தப்பில்லை, பேடும் கிக்கரும் நன்றாக இருந்தால் வாங்கலாம். ஹெல்மெட் மட்டும் பழையது வேண்டாம், அது என்னென்ன அடி வாங்கியிருக்கிறது என்று வெளியே பார்த்தால் தெரியாது. தொண்டைக் கவசம் கட்டாயப் பட்டியலில் இல்லை என்பதால் தம்பி அதை விட்டுவிட்டான். கூடச் சேர்த்து வாங்க வைத்தேன். ஹெல்மெட்டின் தாடைக்கும் நெஞ்சுக் கவசத்துக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து கிடந்ததை அவனே கண்ணாடியில் பார்த்த பிறகுதான் சரி என்றான். ‘வளருவான், பெரிதாக எடுப்போம்’ என்று பிள்ளைகளுக்குச் சட்டை வாங்குகிற மாதிரி கீப்பர் கிட் வாங்காதீர்கள். பெரிய கிக்கர் காலில் சுழன்று தடுக்கும், பெரிய ஹெல்மெட் குனிந்தால் கண்ணை மறைக்கும்.

எல்லாவற்றையும் ஆடி முடித்ததும் பையிலிருந்து வெளியே எடுத்து நிழலில் காயவிடுகிறேன். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஒரு மதியம் விட்டதில் சூட்டில் வடிவம் எடுத்த முதல் மவுத் கார்டு சூட்டிலேயே வடிவம் போய் வளைந்துவிட்டது. அச்செடுத்துச் செய்ததை இப்போது துளை போட்ட டப்பாவில், தனியாக, பையின் மேல் அறையில் வைக்கிறேன். அதிலும் வலது பின்பக்கம் கடித்துக் கடித்து ஓட்டை விழுந்துவிட்டது, இரண்டு சீசன் தாங்கியிருக்கிறது. நேற்று போய் மறுபடி அச்சு கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் கிடைக்கும், அதுவரை சூடான தண்ணீரில் செய்த அந்த இரண்டாவது மவுத் கார்டைப் போட்டுக்கொண்டு ஆடுகிறேன்.